ஊசியும் ஓட்டமும்

பிரான்சு நாட்டில் ஜூலை மாதந்தோறும் நடைபெறும் 'டூர் டி பிரான்ஸ்' என்னும் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி நண்பர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று வாரங்களில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும். இடையே ஆல்ப்ஸ் மலையையும் பிரனீஸ் மலையையும் ஏறி இறங்க வேண்டும். 1903-இல் தொடங்கிய அப்பந்தயத்தின் வெற்றியாளர் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 1915 முதல் 1918 வரை பெயர் இல்லை. முதல் உலகப் போர். 1940 முதல் 1946 வரை பெயர் இல்லை. இரண்டாம் உலகப் போரும் அதன் பின்விளைவும். 1999 முதல் 2005 வரையிலும் பெயர் இல்லை! அந்த ஏழாண்டுகளில் பிரான்சில் எந்தப் போரும் இல்லை. பந்தயம் நடந்தது. இலட்சக்கணக்கான மக்கள் சாலையோரம் நின்று கைதட்டினர். ஏழு முறையும் ஒரே மனிதர் மஞ்சள் சட்டை அணிந்து பாரிஸ் நகருக்குள் நுழைந்தார். அவர் பெயர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். ஊக்கமருந்து உட்கொண்டே வென்றார் என்று 2012-இல் முடிவாகி, ஏழு வெற்றிகளும் பறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு சனவரியில் அவரே தொலைக்காட்சியில் அதை ஒப்புக்கொண்டார்.

சரி, இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் மேடையில் நின்றவர்களில் பலரும் அதே சேற்றில் கால் வைத்தவர்களாக இருந்தனர். ஆகவே அந்த ஏழு வரிகளையும் வெறுமையாகவே விட்டுவிட்டார்கள்.

பிரான்சுப் பந்தயத்துக்கும் நம் தமிழ் மன்ற மலருக்கும் என்ன தொடர்பு என்று ஆசிரியர் கேட்கக்கூடும். தொடர்பு என் வீட்டுக் குளிர்பெட்டிக்குள் இருந்தது. அதைச் சொல்லுமுன் என் ஊரைச் சொல்ல வேண்டும்.

என் ஊர் அந்தமானில் கராச்சர்மா. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகருக்குத் தெற்கே, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. என் பாட்டனார் இராமநாதபுரச் சீமையிலிருந்து கூலி வேலைக்காகக் கப்பலேறி மூன்று நாள் கடலில் கிடந்து வந்து சேர்ந்தவர். எங்கள் தெருவில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லாரும் உண்டு. கடையில் இந்தி பேசுவோம். வீட்டில் தமிழ் பேசுவோம். சண்டையென்று வந்தால் இரண்டும் கலந்து வரும்.

கிரிக்கெட் பைத்தியம் எங்கள் தீவிலும் உண்டு. ஆனால் எங்களுக்குப் பெருமை தேடித் தந்தது சைக்கிள்தான். கார் நிக்கோபாரைச் சேர்ந்த டெபோரா ஹெரால்டு, 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது ஒன்பது வயதுச் சிறுமி. மரமொன்றைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பியவர். பின்னாளில் இந்தியாவின் முன்னணி சைக்கிள் வீராங்கனையானார். அதே தீவின் ஈசோ ஆல்பன், 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக இளையோர் போட்டியில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் நடந்த போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வென்ற மூவர் அணியிலும் அவர் இருந்தார். இவர்கள் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதுவதற்கே எனக்குக் கை கூசுகிறது. இவர்களுக்கும் மருந்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து சைக்கிளை எடுப்பது இவர்களைப் பார்த்துத்தான் என்பதற்காகவே சொன்னேன்.

அப்படி எடுப்பவர்களில் ஒருவன் என் சித்தப்பா மகன். பதினேழு வயது. எங்கள் பக்கம் கதிரவன் முந்தி எழுந்துவிடுவான். மே மாதத்தில் ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். அதற்கும் முன்னே புறப்பட்டுச் சிடியாடாப்பு வரை ஏற்றமும் இறக்கமுமான சாலையில் போய்த் திரும்பி, பள்ளிக்கூடம் போகுமுன் குளித்துவிடுவான். கடைசியாக நடந்த தேர்வுப் போட்டியில் மூன்று பேரை எடுத்தார்கள். இவன் நான்காவது.

நான்காவது என்பதன் பொருளை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முழுதும் உணரமாட்டார்கள். சைக்கிளில் மேலே போனால் இரயில்வேயிலோ இராணுவத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். சித்தப்பாவுக்கு இரு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது. அவர் மேஸ்திரி வேலையை விட்டு இரண்டாண்டுகள் ஆயின. வீட்டில் அடுத்து வேலைக்குப் போகவேண்டியவன் யார் என்பதை அவனிடம் எவரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

நிற்க. அந்தக் குளிர்பெட்டிக்கு வருகிறேன். தயிருக்கும் நேற்றைய மீன் குழம்புக்கும் மேலே ஓர் அட்டைப் பெட்டி இருக்கும். உள்ளே மருந்து அடைத்த சிறு ஊசிகள். பெட்டியின்மேல் 'எரித்ரோபொய்ட்டின், 4000' என்று அச்சிட்டிருக்கும். மருத்துவமனையில் கையிருப்பு இல்லாத மாதங்களில் நாங்களே வெளியில் வாங்கிக் கொடுக்கவேண்டும். இதைத்தான் ஈ.பி.ஓ. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். சைக்கிள் உலகத்தைத் தலைகீழாகப் புரட்டிய மருந்தும் இதுவே.

உயிர்வேதியியல் படிக்கும் எனக்கு இந்தப் பொருளின் வரலாறு ஒரு காதற்கதையைவிடச் சுவையானது. நம் சிறுநீரகத்துக்கு அழுக்கை வடிகட்டுவது மட்டும் தொழிலன்று. குருதியில் பிராணவாயு குறைகிறதா என்று அது காவலும் காக்கிறது. குறைந்தால் ஈ.பி.ஓ. என்ற ஹார்மோனைச் சுரந்து, 'சிவப்பணுக்களைக் கூட்டு' என்று எலும்பு மச்சைக்கு ஆணை அனுப்புகிறது. சிகாகோப் பல்கலைக்கழகத்தில் யூஜீன் கோல்டுவாசர் என்பவர் இருபதாண்டுகளுக்கு மேல் இந்த ஹார்மோனைத் தேடினார். ஜப்பானிய மருத்துவர் தக்காஜி மியாக்கே, கடும் சோகை நோயாளிகளிடமிருந்து 2550 லிட்டர் சிறுநீரைத் திரட்டி, வற்றவைத்து அவரிடம் கொண்டு சேர்த்தார். அத்தனையிலிருந்தும் 1977-இல் கிடைத்த தூய ஈ.பி.ஓ. எவ்வளவு தெரியுமா? எட்டு மில்லிகிராம்! ஒரு கடுகளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னர்த் தைவானில் பிறந்த பூ-குயென் லின் என்ற அறிஞர் அதன் மரபணுவைக் கண்டுபிடித்துப் பிரித்தெடுத்தார். சீன ஹாம்ஸ்டர் என்ற எலியினத்தின் சூலக உயிரணுக்களுக்குள் அந்த மரபணுவைப் புகுத்தி, வேண்டுமட்டும் ஈ.பி.ஓ. செய்யும் வழி பிறந்தது. 1989-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்தது. படியேற முடியாமல் கிடந்த சிறுநீரக நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. சாலையிலிருந்து இருபத்திரண்டு படி. சித்தப்பா இன்று அந்தப் படிகளை ஏறி வருகிறார் என்றால், அதில் கோல்டுவாசருக்கும் மியாக்கேவுக்கும் லின்னுக்கும் பங்குண்டு.

சிவப்பணு மிகுந்தால் தசைக்குப் பிராணவாயு மிகும். தசைக்குப் பிராணவாயு மிகுந்தால் மலையேறும்போது களைப்புத் தள்ளிப்போகும். இந்தக் கணக்கை விளைவு தெரிந்தவர்கள் சிலர் உடனே போட்டுவிட்டனர். அதற்குமுன் சைக்கிள்காரர்கள் மருந்தே அறியாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1967 ஜூலை 13-ஆம் நாள் வெயிலில் மோன் வான்டூ மலையில் சரிந்து மாண்ட இங்கிலாந்து வீரர் டாம் சிம்ப்சனின் சட்டைப்பையில் ஆம்ஃபெட்டமின் குப்பிகள் இருந்தன. ஆனால் ஆம்ஃபெட்டமின் களைப்பை மறக்கச் செய்வது, ஈ.பி.ஓ. உடலையே மாற்றுவது. 1990-களில் ஈ.பி.ஓ.வைக் கண்டறியச் சோதனையே கிடையாது. குருதியில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 50-ஐத் தாண்டியவர் பந்தயத்தில் இறங்கக்கூடாது என்று 1997-இல் ஒரு விதி வந்தது. வேலி என்று வைத்த அந்த 50, பலருக்கு எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்காகிவிட்டது! 1998 ஜூலையில் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் ஒருவர், வண்டி நிறைய மருந்துடன் பிரான்சு எல்லையில் பிடிபட்ட பிறகே உலகம் விழித்துக்கொண்டது.

சோதனை 2000-ஆம் ஆண்டில் பிரான்சிலேயே பிறந்தது. எலியின் உயிரணு செய்யும் ஈ.பி.ஓ.வும் மனிதச் சிறுநீரகம் செய்யும் ஈ.பி.ஓ.வும் புரதத்தில் ஒன்றே. ஆனால் புரதத்தின்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் சற்றே வேறு. அதனால் மின்னூட்டமும் வேறு. கூழ்மத் தகட்டில் மின்புலத்தைச் செலுத்தினால் இரண்டும் வெவ்வேறிடத்தில் போய் நிற்கும். சர்க்கரை காட்டிக்கொடுத்தது! வகுப்பில் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, பக்கத்திலிருந்த தோழி என்னைக் கிள்ளும் அளவுக்கு வாய்பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு மாலை குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தம்பி நின்றான்.

"அக்கா, இதுல 4000-னு போட்டிருக்கே, என்ன அது?"

"யூனிட்டுடா."

"நல்லா இருக்கிறவன் போட்டா என்ன ஆகும்?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு சொன்னா உனக்கு?"

"மெயின்லேண்டுல போட்டிக்குப் போனேன்ல, அங்க ஒருத்தர் சொன்னாரு. கொஞ்ச நாள் போட்டாப் போதுமாம், ஏத்தத்துல மூச்சு வாங்காதாம். டெஸ்ட் பண்றவங்க எல்லாம் நம்ம அளவுக்கு வரமாட்டாங்களாம்."

எனக்குத் தெரிந்த அறிவியலை எல்லாம் கொட்டினேன். குருதி கெட்டியாகும்; இரவில் இதயம் மெல்லத் துடிக்கும்போது உறைகட்டி அடைத்துக்கொள்ளும்; வெளியிலிருந்து ஊசி போட்டால் உன் சிறுநீரகம் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும் என்றேன். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னேன்: சர்க்கரை நோயோடு சிறுநீரகமும் பழுதான ஏறத்தாழ 4000 பேரில் ஒரு பாதிக்கு, இதே குடும்பத்து மருந்தால் ஹீமோகுளோபினை 13 வரை ஏற்றப் பார்த்தார்கள். மற்றப் பாதியைவிட அவர்களிடையே பக்கவாதம் ஏறக்குறைய இருமடங்கு கண்டது. அதனால்தான் உன் அப்பாவுக்கே மருத்துவர் அளவோடு நிறுத்துகிறார் என்றேன்.

"அதெல்லாம் நோயாளிங்களுக்கு, அக்கா. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

பதினேழு வயதுக்காரனிடம் பக்கவாதத்தைச் சொல்லி என்ன பயன்? சாவு என்பது அந்த வயதில் அடுத்த தெருக்காரர் வீட்டுச் செய்தி. அவன் அடுத்துக் கேட்டதுதான் கூர்மையான கேள்வி.

"அப்பா உடம்புல ஏத்துனா மருந்து, என் உடம்புல ஏத்துனா திருட்டா?"

நான் விடை தேடுமுன்னே அடுப்படியிலிருந்து சித்தி குரல் கொடுத்தார். நாங்கள் பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை. "டேய், கதவ மூடுடா, குளிரெல்லாம் போயிடும். இந்த மாசத்துக்கு அவ்வளவுதான் இருக்கு."

அவன் மூடினான். வெளித்திண்ணையில் போய் உட்கார்ந்தான். சற்று நேரம் கழித்து நானும் போனேன். பாஸோன் கதையைச் சொன்னேன்.

கிறிஸ்டோஃப் பாஸோன், அந்த ஃபெஸ்டினா அணியில் இருந்தவர். போலீசார் விசாரித்தபோது, எங்களில் மருந்து தொடாதவர் அவர் ஒருவரே என்று அணித் தோழர்களே சொன்னார்கள். மறு ஆண்டு வேறோர் அணியில் சேர்ந்து டூரில் இறங்கினார். பந்தயத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியும் வந்தார். இன்னும் மருந்து ஓடுகிறது என்று எழுதினார். அதன்பின் உடன் ஓட்டுபவர்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டனர். ஒரு நாள், மஞ்சள் சட்டையணிந்த ஆம்ஸ்ட்ராங்கே பக்கத்தில் வந்து, நீ வீட்டுக்குப் போவது நல்லது என்று சொன்னார். பாஸோன் சில நாளில் பந்தயத்தை விட்டு வெளியேறினார். ஓராயிரம் பேர் பொய் சொன்னதைவிட, அந்த ஒருவரோடு ஒருவரும் பேசாமல் சைக்கிள் மிதித்துச் சென்றதே எனக்கு அச்சம் தருகிறது.

"அவரு டூர் ஜெயிச்சாரா?"

"இல்லடா."

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு சொன்னான்: "அவரு நெசமா எத்தனாவது ஆளுன்னு அவருக்கே தெரியாது, இல்ல?"

நான் விழித்தேன். புத்தகத்தில் எங்கும் காணாத ஒன்றை அவன் சொல்லிவிட்டான். பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை அடிக்கலாம். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் யார் மருந்தின்றி எத்தனையாவது என்பதை எந்தக் கூழ்மத் தகடும் இனிச் சொல்லாது. அவர்கள் இளமையில் அந்த நாள் ஒன்றுதான் இருந்தது, அது போய்விட்டது.

"இப்ப என்னை எடுத்துக்க. எனக்கு முன்னால வந்த மூணு பேரும் போடலேன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அந்த மூன்று பிள்ளைகளும் இவனைப்போலவே விடியுமுன் எழுந்து மிதித்து வென்றவர்கள் என்றே நம்புகிறேன். ஒருவன் எங்கள் வீட்டில் வந்து மீன் குழம்புச் சோறு தின்றிருக்கிறான். ஆயினும் மெயின்லேண்டில் எவனோ ஒருவன் காதில் ஓதிய நாலு வார்த்தை, என் தம்பியின் கண்ணில் அந்த நண்பனையும் களங்கப்படுத்திவிட்டது. மருந்து இன்னும் ஒருவர் உடம்பிலும் ஏறவில்லை; அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது!

இது ஏதோ வெள்ளைக்காரர் நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையினர் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும், ஆண்கள் நூறு மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். மற்றவர்களைக் காணோம். அரங்கின் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. அந்த ஆண்டில் இந்தியாவில் 5606 மாதிரிகளைச் சோதித்து, 213-இல் தடைசெய்யப்பட்ட பொருள் கண்டார்கள். ஐயாயிரத்துக்கு மேல் சோதித்த நாடுகளில் இந்த விகிதம் நமக்கே மிகுதி. உலகக் கோப்பையில் முதலிடம் வரவில்லையே என்று ஏங்குகிற நாம், இதில் முதலிடம் வந்திருக்கிறோம். பிடிபட்டவர்களை வைது தீர்ப்பது எளிது. அவர்களில் பலர் ஒரு காவலர் வேலைக்காக, ஓர் இரயில்வே குமாஸ்தா வேலைக்காக ஓடியவர்கள் என்பதை, கழகக் கட்டணத்தைக் காலத்தில் கட்டிவிடும் நாம் சற்று நினைத்துப் பார்க்கலாம். அந்த ஊசியை விற்றவனும், போட்டுக்கொள் என்று சொன்னவனும் பெரும்பாலும் பட்டியலில் வருவதில்லை. தம்பியிடம் பேசிய அந்த மனிதரும் இன்னும் ஏதோ ஒரு மைதானத்து ஓரத்தில் நின்றுகொண்டுதான் இருப்பார்.

தம்பி பின்னர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. விடுமுறை முடியும் வரையில் நாளுக்கொரு முறை குளிர்பெட்டியைத் திறந்து ஊசிகளை எண்ணினேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை ஒரு நாளும் குறையவில்லை. அவன்மேல் நான் வைத்த நம்பிக்கை அவ்வளவுதானா என்று கேட்டால், நம்பினேன், எண்ணியும் பார்த்தேன்.

நான் புறப்படுவதற்கு முந்தின வாரம் மருந்து தீர்ந்துவிட்டது. நகரத்துக் கடையில் வாங்கி, ஐஸ் போட்ட சிறு குடுவையில் வைத்துக் கராச்சர்மாவுக்குக் கொண்டு வரவேண்டும். சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும். வழக்கமாகச் சித்தி பஸ்ஸில் போய்வருவார். அன்று தம்பி, நான் போறேன் என்று குடுவையை முதுகுப் பையில் வைத்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். திரும்பி வந்து இருபத்திரண்டு படியையும் தாவி ஏறிக் குடுவையை என் கையில் கொடுத்தான். மூச்சு வாங்கியது. திறந்து பார்த்தேன். ஐஸ் பாதிகூடக் கரையவில்லை.

"இருபத்தாறு நிமிசம்" என்றான்.

இப்போது மாதந்தோறும் அவன்தான் போய் வாங்கி வருகிறான். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டேன். இருபத்துமூன்றாம். பஸ் ஒன்று வழியை மறித்திருக்காவிட்டால் இன்னும் குறைந்திருக்கும் என்று அந்த ஓட்டுநரை இந்தியில் திட்டிக்கொண்டிருந்தான்.